புயல் நாள் விடியலில் அலை ஏன் புகையாகிவிடுகிறது?

கேள்வி: ஐப்பசி, கார்த்திகையில் தரங்கம்பாடிக்குப் போய், சூரிய உதயத்தை நீண்ட எக்ஸ்போஷரில், அதாவது ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்து எடுக்கிறேன். நேரில் கடல் அப்படிக் கொந்தளிக்கிறது; படத்திலோ பனிமூட்டம் மாதிரி ஒரே வெள்ளை. என்னிடம் இருப்பது, லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி1000 ஃபில்டர். கடைக்காரர், திருப்பித் திருப்பி அடர்த்தியை மாற்றக்கூடிய, விலை கூடுதலான வேரியபிள் என்டி வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? (மயிலாடுதுறை வாசகர்)

பதில்: வாங்க வேண்டாம். படம் வெள்ளையாவதற்குக் காரணம் ஃபில்டரின் தரம் இல்லை. ஷட்டர் தேவைக்கு மேல் திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மேகம் மூடிய காலையில், சூரியன் எழும் நேரத்தில், ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 100, லென்ஸ் துவாரத்தின் அளவு எஃப்/11 என்று வைத்தால் ஷட்டர் வேகம் ஏறக்குறைய 1/8 விநாடி வரும். என்டி1000 வெளிச்சத்தை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். அப்போது அதே 1/8 விநாடி, இரண்டு நிமிடமாகிறது. எட்டு விநாடிக்கு ஓர் அலை என்று வைத்தால்கூட ஒரே படத்தில் 15 அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்திருக்கும். ஏறியது, உடைந்தது, திரும்பியது எல்லாம் கலந்தால் புகைதான் மிஞ்சும். சித்திரை மாதத்துச் சாதுவான கடலும் இரண்டு நிமிடத்தில் இப்படித்தான் தெரியும்.

உங்களுக்கு வேண்டியது அரை விநாடி முதல் இரண்டு விநாடி வரை. மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் அலையைத் தடுக்கப் போட்டிருக்கும் கற்களைக் கவனியுங்கள். அலை மோதும்போது அழுத்தினால் வெறும் வெள்ளைத் திட்டுதான் வரும். மோதி முடிந்து, தண்ணீர் கல்லிடுக்கில் புகுந்து கீழே இறங்கத் தொடங்குகிறதே, அப்போது அழுத்துங்கள். நுரை கோடு கோடாக இழுபட்டு, ஒவ்வொரு கல்லையும் சுற்றி வளைந்து இறங்குவது பதிவாகும். கடல் எவ்வளவு மூர்க்கமாக இழுத்தது என்பதை அந்தக் கோடுகள்தான் காட்டும்.

இந்த வேகத்துக்குச் செலவே இல்லை. உதயத்துக்குச் சுமார் 20 நிமிடம் முன்னால் வெளிச்சம் இயல்பாகவே குறைவு. ஃபில்டர் இல்லாமலேயே இரண்டு, நான்கு விநாடி கிடைத்துவிடும். உதயமானதும், வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காக்கும் ஒரு சாதாரண என்டி8 போதும். 1/8 விநாடியை அது ஒரு விநாடியாக்கும்.

சரி, கையில் இருக்கும் என்டி1000-ஐ என்ன செய்வது? அதற்கு ஒரே ஒரு வேலை உண்டு: மேகம். அதுவும் எல்லா மேகமும் இல்லை. வானம் முழுக்க ஒரே சாம்பல் போர்வையாக இருந்தால் எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் ஒன்றும் மாறாது. மேகத்தில் இடைவெளி வேண்டும், அது வேகமாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் வெறும் தீற்றல். உங்களை நோக்கி வந்தாலோ உங்களை விட்டு விலகிப் போனாலோதான் கோடுகள் விசிறியாக விரியும். வடகிழக்குப் பருவக்காற்றில் வாடை அடிக்கும்போது வடகிழக்கைப் பார்த்தோ, தென்மேற்கைப் பார்த்தோ நில்லுங்கள். 1620-இல் டேனியர்கள் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டையை வெயில் ஏறிய பிறகு கடல் பக்கமிருந்து இப்படி எடுக்கலாம். ஃபோகஸை முதலில் பூட்டிவிட்டு ஃபில்டரை மாட்டுங்கள். மாட்டிய பிறகு கேமராவுக்கு ஒன்றும் தெரியாது. டிஎஸ்எல்ஆர் என்றால் கண் வைத்துப் பார்க்கும் துவாரத்தை மூடுங்கள், பின்னாலிருந்து வெளிச்சம் புகும். படத்தில் விழும் புள்ளிகளைக் கேமராவே நீக்கும் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டிருந்தால் இரண்டு நிமிடப் படத்துக்கு இன்னொரு இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும்; வெளிச்சம் மாறும் நேரத்தில் அதை அணைத்துவிடுங்கள். கடல் படச் சட்டத்தின் அடியில் ஒரு கீற்றாக மட்டும் இருக்கட்டும்.

இனி கடைக்காரர் விஷயம். இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. வேரியபிள் என்டி என்பது ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழலும் இரண்டு போலரைசர் கண்ணாடிகள். அகலக் கோண லென்ஸில் அதை முழு அடர்த்திக்குத் திருப்பினால் படத்தின் நடுவில் இருண்ட பெருக்கல் குறி விழும். கடையிலேயே திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், பேச்சு மாறும். என்டி ஃபில்டர்களில் பிராண்ட் பெயர் போட்ட போலிகளும் நிறையப் புழங்குகின்றன. ஒரு வெள்ளைத்தாளை வெளியே வெயிலில், ஃபில்டரோடும் இல்லாமலும் ஒரே ஒயிட் பேலன்ஸில் (கேமராவின் வண்ணச் சமன் அமைப்பு) எடுத்து ஒப்பிடுங்கள்; ஊதாவோ சிவப்போ ஏறினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் ‘சல்லிசாக’ வரும் எதையும் தொடாதீர்கள். ‘வெதர் சீல்டு’ என்று விளம்பரம் செய்துவிட்டு, உப்புத்தண்ணீர் பட்ட கேமராவைக் கொண்டுபோனால் நீரால் வந்த சேதத்துக்கு வாரண்டி இல்லை என்று கையை விரிப்பார்கள். விற்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

அதைவிட மோசம், ‘புயல் ஸ்பெஷல்’ என்று பணம் வாங்கிக்கொண்டு ஆட்களைக் கரைக்குக் கூட்டிப்போகிறவர்கள். நாகை, காரைக்கால் துறைமுகங்களில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டால் பலத்த காற்று வீசும் என்று பொருள். மீனவர்களே படகை மேலே ஏற்றிவிட்ட நாளில் நமக்குக் கல்லின் மேல் என்ன வேலை? அலை எவ்வளவு உயரம் எழும் என்று ஐதராபாத்தில் உள்ள, கடல் நிலவரம் சொல்லும் அரசு நிறுவனமான இன்காய்ஸ் முன்கூட்டியே அறிவிக்கிறது. ஆனால் அது கடற்கரைக்கு வருகிறவர் கண்ணில் படுவதில்லை. 2024 மே மாதம், இப்படி எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது. இணையத்தில் அறிவித்துவிட்டோம் என்பதோடு கடமை முடிந்ததா? கரையில் ஒரு பலகை வைக்க என்ன தடை என்று எனக்கு விளங்கவே இல்லை.

ஆகவே போனதும் கேமராவை எடுக்காதீர்கள். கால்மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், நடுவில் கடல் அடங்கியதுபோல் ஏமாற்றும். ஈரமான கல் எதுவோ அதுவரை அலை வரும். அதற்கு மேலேயே நில்லுங்கள்.

மணலில் ட்ரைபாட் கால்களை இனி இறங்காது என்கிறவரை அழுத்துங்கள், நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், கேமரா வாரைக் கழற்றிவிடுங்கள். காற்றில் அது படபடத்தாலே படம் கலங்கும். லென்ஸில் தெறிக்கும் உப்புத் துளியைக் காய்ந்த துணியால் தேய்க்க வேண்டாம். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். வீட்டுக்கு வந்ததும் ட்ரைபாட் கால்களை முழுதாக நீட்டி, நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு மடக்குங்கள்.