“ஜஸ்ட் நவ்” என்றால் எப்போது?

கேள்வி: மதுரையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். குழாய் ரிப்பேர் செய்பவர் காலையில் “ஜஸ்ட் நவ்” வருவதாகச் சொன்னார். பொழுது சாய்ந்தும் ஆளைக் காணோம். ஏமாற்றிவிட்டாரா?

பதில்: ஏமாற்றவில்லை. மதுரையில் “ஹீ லெஃப்ட் ஜஸ்ட் நவ்” என்றால் இப்போதுதான் போனார் என்று பொருள். தென்னாப்பிரிக்காவில் “ஐ வில் கம் ஜஸ்ட் நவ்” என்றால் பிறகு வருகிறேன் என்று பொருள். அந்தப் பிறகு அரை மணியாகவும் இருக்கும், அந்தி நேரமாகவும் இருக்கும், மறந்தும் போகும். இங்கே பேசப்படும் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் “நெட்நோ” என்று ஒரு சொல் உண்டு. சற்று முன்பு, சற்று நேரத்தில் என்று முன்னும் பின்னும் அது பாயும். அதன் சாயல்தான் இந்த ஆங்கிலத்தில் படிந்திருக்கிறது என்பார்கள். நாம் மட்டும் என்னவாம்? கல்யாண மண்டபத்திலிருந்து போன் செய்தால், “இதோ வந்துவிட்டேன்” என்பவர் இன்னும் குளித்திருக்கவே மாட்டார். அதுவும் இறந்தகாலத்தில் சொல்வார்! அடுத்த முறை “எத்தனை மணிக்கு?” என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: என் பேரன் “நவ் நவ்” என்கிறானே, அது வேறா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க் பாட்டி)

பதில்: வேறுதான் அம்மா. இதில் கொஞ்சம் அவசரம் உண்டு. “நவ் நவ்” வருகிறேன் என்றால் தோசைக்கல்லைக் காய வையுங்கள். “ஜஸ்ட் நவ்” என்றால் மாவை மூடி வைத்துவிடுங்கள். இந்த நொடியே வர வேண்டுமென்றால் “ரைட் நவ்” என்று நீங்களே அதட்டலாம். இங்கிலாந்தில் “நவ், நவ்” என்பதற்கு நேரத்தோடு சம்பந்தமே இல்லை. அழும் பிள்ளையிடம் “சரி, சரி, அழாதே” என்கிறோமே, அதுதான்.

கேள்வி: “நவ் தட்” என்பதும் காலத்தைக் குறிப்பதா? (சாட்ஸ்வொர்த் மாணவி)

பதில்: காலத்தைவிடக் காரணமே அதில் தூக்கல். “நவ் தட் யூ ஆர் ஹியர்” என்பது “நீங்கள்தான் வந்துவிட்டீர்களே, இனி...” என்ற தொனி.

கேள்வி: லண்டன் அலுவலகத்துக்கு, “கணக்கை ஜஸ்ட் நவ் அனுப்புகிறேன்” என்று மின்னஞ்சல் எழுதலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அடுத்த நிமிடமே வருமென்று காத்திருப்பார்கள். மணியைக் குறிப்பிடுங்கள், யாருடைய மணி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். லண்டனில் குளிர்காலமானால் நம் தென்னாப்பிரிக்கக் கடிகாரம் 2 மணி நேரம் முந்தி ஓடும், கோடையானால் 1 மணி நேரம்தான்.