கரையோரக் குடும்பங்கள் கேட்டவை

ராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம், திருப்புல்லாணி வட்டாரங்களில் இருபது ஆண்டுகள் சிறப்பாசிரியராக இருந்தவன் நான். இப்போது மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோர் குழு ஒன்றின் வேலைகளைப் பார்த்துவருகிறேன். அண்மையில் வந்த கேள்விகளுக்கான விடைகள் இவை.

பாம்பனிலிருந்து ஒரு தாய்: மகனுக்கு மூன்று வயது முடிந்தும் பேச்சு வரவில்லை; பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்புவதில்லை, வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டுவதும் இல்லை. அவனுடைய அப்பாவும் ஐந்து வயதில்தான் பேசினார் என்கிறார் மாமியார். காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம், அம்மா. அப்பா தாமதமாகப் பேசியிருக்கலாம். ஆனால் அழைத்தால் திரும்பாததும், வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டாததும் வெறும் பேச்சுத் தாமதம் ஆகா. முதலில் செவித்திறன் சோதனை செய்யுங்கள்; காது கேளாத பிள்ளைக்கு ஆட்டிசம் என்று நினைத்து ஓராண்டு அலைந்த குடும்பத்தை நான் அறிவேன். அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டி, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரை பெறலாம். என்ன குறைபாடு என்று முடிவாகும்வரை பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

தொண்டியிலிருந்து ஒரு சகோதரி: 19 வயதுத் தம்பிக்கு அறிவுசார் குறைபாடு உள்ளது. ஆத்திரம் வந்தால் பொருள்களை உடைப்பதால் வீட்டில் கயிற்றால் கட்டிவைக்கிறார்கள். ஏர்வாடி தர்காவில் சில மாதங்கள் தங்கவைத்தால் தெளிந்துவிடும் என்கிறார்கள் உறவினர்கள்.

தர்காவுக்குச் சென்று வேண்டிக்கொள்வதை நான் தடுக்க மாட்டேன். எங்கள் குழுவில் பல தாய்மார்கள் செல்கிறார்கள். ஆனால் அறிவுசார் குறைபாடு என்பது மனநோய் அன்று. மனநோய் வரும், மருந்தால் தணியும். அறிவுசார் குறைபாடு வளர்ச்சிக் காலத்திலேயே தொடங்குவது, அதற்குத் தெளிவது என்ற பேச்சே இல்லை, கற்றுக்கொள்வது என்ற பேச்சுதான் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இதை மனநோய் என்ற வரையறைக்கு வெளியே வைத்திருக்கிறது.

கட்டிவைப்பதைப் பற்றி நம் மாவட்டத்தாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த காரணத்தால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். மனநோயாளியைச் சங்கிலியிடுவதை அதே 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது; மாற்றுத்திறனாளி எவரையும் கொடுமைப்படுத்துவதற்கு எதிரான பாதுகாப்பு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ளது.

தம்பியின் ஆத்திரத்துக்கு ஒரு காரணம் இருக்கும், அவருக்குச் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். சுவரில் தலையை மோதிக்கொண்ட ஓர் இளைஞரைப் பேய் பிடித்தவர் என்றார்கள். கடைவாய்ப் பல் சீழ்பிடித்திருந்ததைப் பல் மருத்துவர் கண்டறிந்து பிடுங்கிய பின் மோதுவது நின்றுவிட்டது. பல், காது, மலச்சிக்கல், தூக்கம், வலிப்பு ஆகியவற்றைப் பரிசோதியுங்கள். எந்த நேரத்தில், யார் இருக்கும்போது, எதற்குப் பின் உடைக்கிறார் என்று இரண்டு வாரங்கள் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்; அந்த நோட்டு மருத்துவருக்கு உங்கள் வாய்மொழியைவிடப் பயன்படும்.

மண்டபத்திலிருந்து, கடற்பாசி எடுக்கும் ஒரு தாய்: மகனின் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் ராமநாதபுரத்துக்கு இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் வருமானம் போகிறது. அந்த அட்டையால் என்னதான் கிடைக்கும்?

உங்கள் சலிப்பு நியாயமானது. ஆயினும் மூன்றாவது முறையும் போய்விடுங்கள். 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உண்டு எனச் சான்று பெற்றால், தனித்துவ அடையாள அட்டையுடன் பல கதவுகள் திறக்கும். அறிவுசார் குறைபாடுடையோருக்கான மாநிலப் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாயாக உள்ளது. துணையின்றிப் பயணம் செய்ய இயலாத பிள்ளைக்கும் துணைவருக்கும் ரயிலில் படுக்கை வகுப்புக் கட்டணத்தில் 75 விழுக்காடு சலுகை உண்டு. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா என்ற மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவைப் பெறலாம். அடுத்த முறை தனியாகப் போகாமல் நாலைந்து தாய்மாராகச் சேர்ந்து போங்கள். தனியாக வந்தவரை நாளைக்கு வரச்சொல்வது எளிது, ஐந்து பேரை அப்படிச் சொல்வது கடினம்.

கீழக்கரையைச் சேர்ந்த, துபாயில் பணிபுரியும் ஒரு தந்தை: மூளை முடக்குவாதமுள்ள மகனுக்கு அடுத்த ஆண்டு 18 வயதாகிறது. நான் அவனுடைய வாப்பா என்பது போதாதா?

சட்டத்தின் கண்ணில் போதாது, ஐயா. 18 வயது முடிந்தவுடன் பெற்றோரின் இயல்பான பாதுகாவலர் நிலை முடிந்துவிடுவதால், வங்கியிலும் பத்திரப்பதிவிலும் தடை வரும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஒரு வழி தருகிறது: மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வப் பாதுகாவலராக நியமனம் பெறலாம். நீங்கள் வெளிநாட்டில் இருப்பதால் மகனுடைய உம்மாவை முன்னிறுத்துவதே நடைமுறைக்கு ஏற்றது. நியமனமான ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துக்குள் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும். ஒன்று மட்டும்: அறிவுத்திறன் பாதிக்கப்படாத மூளை முடக்குவாதக்காரர்கள் பலர். மகன் தாமே முடிவெடுக்கக்கூடியவரானால், முதலில் அவரிடம் கேளுங்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு மாணவி: ‘மனவளர்ச்சி குன்றியவர்’ என்று எழுதலாமா?

வேண்டாம். ‘அறிவுசார் குறைபாடுடையவர்’ என்று எழுதுங்கள். பேசும்போது பெயரைச் சொல்லுங்கள்.

தேவிபட்டினத்திலிருந்து ஒரு தன்னார்வலர்: வீடு வீடாகச் சென்றாலும் பிள்ளை இருப்பதையே மறைக்கிறார்கள். என்ன செய்வது?

மறைப்பதற்குக் காரணம் வெட்கம் மட்டும் அன்று, தம்பி. அக்காளுக்குச் சம்பந்தம் அமையாது என்ற அச்சமும், படமெடுத்துப் போனவர்கள் திரும்பி வராத அனுபவமும் அதில் உண்டு. எனவே முதல் மூன்று சந்திப்புகளில் கேமராவை எடுக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் செல்லுங்கள். விசைப்படகுக்காரர்கள் கரையிலிருந்து வலை பின்னும் அந்த 61 நாள்களில்தான் தந்தையரைச் சந்திக்க முடியும். மற்ற மாதங்களில் தாயிடம் மட்டும் பேசித் திரும்பினால், ‘அவுக வரட்டும்’ என்பதோடு எல்லாம் நின்றுவிடும். ஜமாத் பெரியவரையோ பங்குத்தந்தையையோ ஊர்த் தலைவரையோ அழைத்துச் செல்வது கதவைத் திறக்கும். ஆனால் உள்ளே பேச வேண்டியவர் இன்னொரு பெற்றோர்.

பத்துக் குடும்பங்கள் சேர்ந்தபின் கிராம சபைக்குச் செல்லுங்கள். அங்கன்வாடிக்குச் சாய்தளம் அல்லது முகாமுக்கு வாகனம் என்று ஒரே ஒரு கோரிக்கையை எழுத்தில் கொடுத்துத் தீர்மானமாக்குங்கள். ஊராட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க 2025இல் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டத்திருத்தம் நிறைவேற்றியிருப்பதால், உங்கள் ஊரில் அந்த இடத்துக்கு வருபவரை உடனே சென்று பாருங்கள்; அவர் கை கால் குறைபாடுடையவராக இருந்தால், பேச இயலாத பிள்ளைகளின் வீடுகளுக்கு அவரை நீங்களே அழைத்துச் செல்லுங்கள். தீர்மான நகலைக் கையொப்பத்துடன் வாங்காமல் அரங்கை விட்டு எழாதீர்கள்.