மலை விவசாயக் குடும்பத்தோடு தங்கப் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

தமிழ்நாட்டிலிருந்து சுவிட்சர்லாந்துக்கு வந்து சூரிச்சில் சூழலியல் படிக்கும் நீங்கள், வரும் கோடை விடுமுறையில் கிரவுபுண்டன் மாநிலத்தின் லும்னேசியாப் பள்ளத்தாக்கில், வ்ரீன் ஊருக்கு அருகே ஓர் இயற்கை விவசாயக் குடும்பத்தோடு தங்க விரும்புவதாக எழுதியிருந்தீர்கள். வேலை எப்படியிருக்கும், மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா, மரக்கறி மட்டும் உண்பவருக்குச் சாப்பாடு கிடைக்குமா, தனியாகத் தங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நான் எண்பதுகளின் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து இந்த நாட்டுக்கு வந்து, அதே மாநிலத்தின் கூர் நகரில் குடியமர்ந்தவன். அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு குடும்பத்துக்குப் பல கோடைகளில் புல் அறுவடைக்கு உதவப் போயிருக்கிறேன். தாராளமாகப் போங்கள் என்பதே என் பதில். ஆனால் இரண்டு வாரத்துக்கென்று போகாதீர்கள். முதல் இரண்டு வாரமும் அவர்கள்தாம் உங்களுக்காக நேரம் செலவழிப்பார்கள். உங்களால் அவர்களுக்கு உதவி கிடைப்பது அதன் பிறகுதான். ஆறு வாரமாவது இருந்தால் இரு தரப்புக்கும் நியாயமாக இருக்கும்.

முதலில் அனுமதி விடயத்தை முடித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவுக்கு வெளியேயிருந்து வந்த மாணவர்கள் படிப்புத் தொடங்கி ஆறு மாதம் கழிந்த பின்னரே வேலை செய்யலாம். பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 15 மணி நேரம் வரை அனுமதி உண்டு. விடுமுறையில் முழு நேரமும் செய்யலாம். கூலி வாங்காமல், உணவுக்கும் தங்குமிடத்துக்கும் மட்டும் உதவி செய்தாலும் சட்டம் அதை வேலையாகவே கருதும். ஆகவே அந்தக் குடும்பம் உங்களுக்காக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். “சும்மா வந்து தங்குங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்” என்று எவர் சொன்னாலும் ஏற்காதீர்கள். உங்கள் விசா அதில் மாட்டிக்கொள்ளும்.

நம்மாழ்வார் ஐயாவின் பேச்சுகளைக் கேட்டு இயற்கை விவசாயத்தில் ஆர்வம் கொண்டதாகச் சொன்னீர்கள். அந்த நினைவோடு போகிறவருக்கு, வயலும் பயிரும் இல்லாத இடத்தில் இது என்ன விவசாயம் என்று முதலில் தோன்றக்கூடும். வ்ரீன் ஏறத்தாழ 1,450 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே விளைவது புல். அந்தப் புல்லை மாடோ ஆடோ தின்று, பாலாகவும் இறைச்சியாகவும் தருகிறது. சாணமும் மூத்திரமும் அதே நிலத்துக்குத் திரும்பிப் போகின்றன. இந்தச் சுற்று, கூடியவரை வெளியிலிருந்து எதையும் கொண்டுவராமல் ஓட வேண்டும் என்பதுதான் அங்கே இயற்கை விவசாயத்தின் சாரம். மருந்து தெளிக்காமல் இருப்பது அதில் ஒரு பகுதி மட்டுமே. 1981ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பியோ சுவிஸ் என்ற இயற்கை விவசாய அமைப்பு, தன் விதிப்படி நடக்கும் பண்ணைகளின் பொருட்களுக்குத் தரும் மொட்டு முத்திரை வேண்டுமானால், பண்ணை முழுவதும் இயற்கை முறையில் நடக்க வேண்டும். ஒரு பாதியை மட்டும் மாற்ற முடியாது. மாறுவதற்கான காலம் இரண்டு ஆண்டு. மாட்டுக்குக் கொடுக்கும் அடர்தீவனம் (தானியம், புண்ணாக்கு போன்றவை) மொத்தத் தீவனத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இப்படியிருக்க, குளிர்காலம் முழுவதற்குமான தீனியைக் கோடையில் சேர்த்துவைக்காத குடும்பத்துக்கு வேறு வழியே இல்லை.

எனவே ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள்: ஜூலையில் நீங்கள் போகும்போது பெரும்பாலும் மாடுகள் வீட்டில் இருக்காது. ஜூனில் அவற்றை மேலேயுள்ள கோடை மேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டிச் சென்றுவிடுவார்கள், செப்டம்பரில்தான் இறக்குவார்கள். தொழுவம் காலியாகக் கிடக்க, கீழே குடும்பம் முழுவதும் புல்லோடு போராடும். உயர்ந்த மலை வலயங்களில், உரமிடாத பூப்புல் நிலங்களை மானிய விதிப்படி ஜூலை 15க்கு முன் வெட்டக் கூடாது; பூக்கள் விதையாகி உதிர்வதற்கான ஏற்பாடு அது. அந்தத் தேதிக்குப் பிறகு நாலைந்து நாள் தொடர்ந்து வெயில் என்று வானிலை அறிவிப்பு வந்துவிட்டால், அந்த வீட்டில் எல்லோரும் வேறு எல்லாவற்றையும் மறந்துவிடுவார்கள்.

பனி காய்ந்ததும் வெட்டிய புல்லைப் பரப்ப வேண்டும், பிறகு புரட்ட வேண்டும், மறுநாளும் புரட்டி மாலையில் வரிசையாகக் கூட்டி ஏற்ற வேண்டும். இயந்திரம் போகாத சரிவுகளில் மரப் பல் வைத்த வாரிதான் கருவி. சிலர் இலை ஊதும் இயந்திரத்தை முதுகில் கட்டிக்கொண்டு புல்லைக் கீழ்நோக்கி ஊதித் தள்ளுவதையும் காண்பீர்கள். உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் வாரிதான். கையால் வலிந்து இழுக்காமல், சரிவுக்குப் பக்கவாட்டில் நின்று, புல்லைத் தன் பாரத்திலேயே கீழே உருளவிடப் பழகுங்கள். இல்லையேல் இரண்டாம் நாளே உள்ளங்கை கொப்பளித்துவிடும். ஈரம் இருக்கும்போதே களஞ்சியத்தில் அடைத்த புல் உள்ளே புழுங்கிச் சூடேறித் தானாகவே தீப்பற்றக்கூடும். அதனால்தான் பெரியவர் ஒரு பிடி புல்லை எடுத்து முறுக்கிப் பார்த்து, “இன்னும் ஒரு மணி நேரம்” என்று சொன்னால், தொலைவில் இடி கேட்டாலும் ஒருவரும் மறுத்துப் பேசுவதில்லை.

மழை நாளிலும் ஓய்வு என்று எண்ண வேண்டாம். அகன்ற இலையுள்ள ஒரு களை உண்டு, பிளாக்கே என்பார்கள். மாடு அதை விரும்பித் தின்னாது, விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். களைக்கொல்லி இல்லாத பண்ணையில் மண் நனைந்திருக்கும்போது இரட்டைப் பல் இரும்பை வேருக்கு அருகே செருகி, மிதித்து, நெம்பி, வேர் அறாமல் பிடுங்குவதே வழி. வேரின் மேற்பகுதி கொஞ்சம் உள்ளே தங்கினாலும் மறுபடி முளைக்கும். இயற்கை விவசாயத்துக்கு எவ்வளவு மனித உழைப்பு வேண்டும் என்பதை எந்தப் பாடநூலையும் விட இந்தக் களை எனக்குத் தெளிவாகக் காட்டியது.

மொழி பற்றி: அந்தப் பள்ளத்தாக்கில் வீட்டுக்குள் ரொமான்ஷ் என்ற சிறுபான்மை மொழி பேசுவார்கள். ஜேர்மன் எல்லோருக்கும் தெரியும். உங்களோடு வட்டார வழக்கை விட்டு, வகுப்பில் கற்கும் எழுத்து ஜேர்மனில் பேச முயல்வார்கள். காலையில் “பியன் தி” என்று அவர்கள் மொழியில் வணக்கம் சொல்லுங்கள், அதில் அவர்களுக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டு. சாப்பாட்டில் பாண் (ரொட்டி), பாலாடைக்கட்டி, உருளைக்கிழங்கு ஏராளம். உருளைக்கிழங்கைத் துருவி மாவோடு சேர்த்து வெண்ணெயில் பொறுமையாக வறுத்துச் செய்யும் மாலுன்ஸ், பார்ப்பதற்கு நம் உதிர்த்த புட்டைப் போலவே இருக்கும். மரக்கறி உணவு மட்டுமே என்பதை முதற்கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். பல பண்டங்களில் உலர்ந்த இறைச்சித் துண்டுகள் சேர்ந்திருக்கும். ஊறுகாயும் மிளகாய்த் தூளும் எடுத்துச் செல்லுங்கள், ஒருவரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

வ்ரீன் மக்கள் அதிகம் பேசாதவர்கள். இளையோர் வெளியேறி ஊர் தேய்ந்துகொண்டிருந்த காலத்தில், 1979இல் புரோ வ்ரீன் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். வீட்டு நிலம் ஊக வணிகர் கைக்குப் போகாதபடி ஊராட்சியே வாங்கிவைத்தது. அவ்வூரில் பிறந்த கட்டடக் கலைஞர் கியோன் கமினாதா தொழுவங்களையும் இறைச்சிக்கூடத்தையும் ஊரோடு பொருந்தக் கட்டினார். ஊரின் தோற்றத்தைப் பேணி வளர்க்கும் ஊராட்சிகளுக்குச் சுவிஸ் மரபுப் பாதுகாப்புச் சங்கம் தரும் வாக்கர் பரிசு 1998இல் வ்ரீனுக்குக் கிடைத்தது. ஊர் காலியாவதன் வலியை அறிந்தவன் என்ற முறையில், இவர்கள் தம் ஊரைக் கைவிடாமல் காத்ததை நான் மிகவும் மதிக்கிறேன். அங்கே நீங்கள் விருந்தாளியும் அல்ல, கூலியாளும் அல்ல. மேசையில் உங்களுக்கென ஓர் இடம் இருக்கும், அந்த இடத்துக்கான வேலையும் இருக்கும். மாலையில் அறைக்குள் முடங்காமல் சமையலறையில் உட்கார்ந்திருங்கள், தனிமை பாதியாகக் குறையும்.

பாதுகாப்புக்கு, அங்கே முன்பு தங்கிய ஒரு மாணவியோடு பேசவைக்கும்படி குடும்பத்திடம் கேளுங்கள்; நல்ல குடும்பம் தயங்காது. உண்ணிக் கடியால் வரும் மூளைக் காய்ச்சலுக்கான தடுப்பூசியை இளவேனிலிலேயே தொடங்குங்கள், இரண்டு ஊசிகளுக்கிடையே சில வாரம் தேவை. கணுக்காலை மூடும் மலைச் சப்பாத்தைப் புதிதாக வாங்கி அங்கே போட்டுப் பழகாமல், இங்கேயே போட்டு நடந்து பழக்குங்கள். அவசர மருத்துவ உதவிக்கு எண் 144. தொலைபேசியில் பேசும்போது அறைக்குப் பூட்டு உண்டா, வாரத்தில் எந்த நாள் ஓய்வு, விபத்துக் காப்புறுதியை யார் கட்டுவார்கள் என்ற மூன்றையும் கூச்சப்படாமல் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கூரிலிருந்து இலான்ஸ் வரை ரயில், அங்கிருந்து வ்ரீனுக்கு மஞ்சள் தபால் பேருந்து. மாலைக்குப் பின் பேருந்து குறைவு என்பதால் காலையிலேயே புறப்படுங்கள்.