தலை கட்லா, உடம்பு ரோகு: குட்டை மீன் ஏன் சிறுத்துப்போகிறது?

கேள்வி: கே.வி.குப்பம் பக்கத்தில் 25 சென்ட் பண்ணைக்குட்டை வைத்திருக்கிறேன். மூன்று வருடமாக ஒரே இடத்தில் கட்லா, ரோகு, மிர்கால் விரலிகள் (விரல் நீளக் குஞ்சுகள்) கலந்து 1,500 வாங்கி விடுகிறேன். முதல் வருடம் பத்து மாதத்தில் முக்கால் கிலோ வந்தது. இந்த வருடம் 350 கிராமைத் தாண்டவில்லை. சில மீனுக்குத் தலை கட்லா மாதிரி, உடம்பு ரோகு மாதிரி இருக்கிறது. "ஜீன் கெட்டுப்போச்சு, டெஸ்ட் எடு" என்கிறார் பக்கத்து நிலத்துக்காரர். எடுக்கலாமா? பெரிய மீன்களை நிறுத்திவைத்து நானே குஞ்சு எடுக்க முடியுமா? மிஞ்சும் சிறு மீன்களை ஏரியில் விட்டுவிடலாமா?

பதில்: வணக்கம் ஐயா. டெஸ்ட்டுக்குப் பணம் கட்டும் முன் ஒரு கணக்குப் பார்த்துவிடுவோம். ஒரு ஹெக்டேருக்கு 10,000 விரலிகள் என்பது கூட்டுமீன் வளர்ப்பில் பொதுவான அளவு. உங்கள் 25 சென்ட்டுக்கு அது 1,000தான். நீங்கள் 1,500 விட்டிருக்கிறீர்கள். முதல் வருடம் பாதி செத்திருந்தால் மிச்சம் நன்றாக வளர்ந்திருக்கும், இந்த வருடம் எல்லாம் பிழைத்திருந்தால் தீனி பங்கு போயிருக்கும். நன்றாகப் பிழைத்ததே சிறுத்ததற்குக் காரணமாக இருக்கலாம்! வலை இழுக்கும்போது நீங்கள் விடாத சின்னச் சின்ன மீன் வருகிறதா என்றும் பாருங்கள். ஜிலேபியோ சாதாக் கெண்டையோ உள்ளே புகுந்திருந்தால் அது குட்டையிலேயே குஞ்சு பொரித்துக் கூட்டத்தைப் பெருக்கிவிடும். கட்லாவும் ரோகுவும் அப்படிச் செய்யாது. அவை கங்கைப் பக்கத்து ஆற்று மீன்கள், தேங்கிய தண்ணீரில் முட்டையிடுவதில்லை.

சரி, எண்ணிக்கையும் தீனியும் சரியாக இருந்தும் மீன் சிறுத்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது சந்தேகம் குஞ்சு மேல் போவது நியாயம். ஆனால் பார்க்க வேண்டிய இடம் உங்கள் குட்டை அல்ல, குஞ்சு பொரித்த இடத்தின் தாய்மீன் தொட்டி.

1957இல் ஹீராலால் சௌத்ரி என்ற மீன் விஞ்ஞானி மீனின் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டு இந்தக் கெண்டைகளைப் பண்ணையிலேயே முட்டையிட வைத்தார். அந்த ஜூலை 10ஐத்தான் இன்றும் மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறோம். அதுவரை ஆற்றில் குஞ்சு பிடித்து வந்தார்கள். ஆற்றில் ஆயிரக்கணக்கான தாயும் தகப்பனும் கலக்கும். பொரிப்பகத்தில் அப்படி இல்லை. நல்ல ரோகு ஒன்று கிலோ எடைக்கு லட்சத்துக்கு மேல் முட்டை போடும். பத்துப் பன்னிரண்டு சினைமீன் இருந்தாலே ஒரு தாலுகாவுக்கே குஞ்சு கொடுத்துவிடலாம். சிக்கலே அங்கேதான்.

உங்கள் ஊரில் ஆட்டு மந்தை வைத்திருப்பவரைக் கேளுங்கள். ஒரே கிடாவை ஏழெட்டு வருடம் விட்டால் குட்டிகள் சிறுத்து நலிந்துபோகும் என்று சொல்வார். மீனிலும் அதேதான், ஆனால் குளத்துக்குள் யார் யாருக்குப் பிள்ளை என்று கண்ணுக்குத் தெரியாது. 3 ஆண், 12 பெண் வைத்துக் குஞ்சு எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 15 மீன். மரபியல் கணக்கில் அது 10 மீனுக்கும் குறைவாகத்தான் மதிப்பு பெறும், ஏனென்றால் குஞ்சுகளில் பாதி ரத்தம் அந்த மூன்று ஆண்களுடையது. தலைமுறைக்கு 5 சதவீதம் போல உறவுக் கலப்பு (நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே இனம் சேர்வது) ஏறும். 25 ஆண், 25 பெண் என்றால் அது 1 சதவீதம்தான். 1980களில் கர்நாடகத்துப் பொரிப்பகங்களை ஆராய்ந்தவர்கள் இந்தக் கலப்பு வேகமாக ஏறுவதைக் கண்டு அப்போதே எழுதிவைத்தார்கள்.

இதற்கு மேல் இன்னொரு பழக்கம் உண்டு. நான் பார்த்த ஒரு பொரிப்பகத்தில் (பெயர் வேண்டாம்) நன்றாக வளர்ந்ததையெல்லாம் சந்தைக்கு அனுப்பிவிட்டு, விலைபோகாமல் நின்றதைத் தாய்மீனாக வைத்திருந்தார்கள். வளராததைத் தேடித் தேடிப் பெருக்கியது போல. அந்த உரிமையாளர் கெட்டவர் இல்லை, கையில் காசு முடையாக இருந்தது.

கட்லா தலை, ரோகு உடம்பு மீனுக்கு விடை எளிது. ஆர்டர் வந்ததும் இரண்டு இனத்துக்கும் ஊசி போட்டு ஒரே வட்டத் தொட்டியில் விட்டிருப்பார்கள். முட்டையும் விந்தும் தண்ணீரில்தானே கலக்கின்றன, இனம் பார்ப்பதில்லை. அந்தக் கலப்பு மீனைச் சாப்பிடலாம், சுவையில் குறை இல்லை. ஆனால் அது மலடு அல்ல. அதையே தாய்மீனாக வைத்தால் அடுத்த தலைமுறையில் எது கட்லா, எது ரோகு என்று சொல்ல முடியாது. டி.என்.ஏ. பரிசோதனை உண்மையில் கைகொடுப்பது இங்கேதான். துடுப்பில் ஒரு சின்னத் துண்டு வெட்டி 95 சதவீத ஆல்கஹாலில் போட்டு அனுப்பினால் தாய் எந்த இனம், தகப்பன் எந்த இனம் என்று தெரியும். ஃபார்மலினில் போடாதீர்கள், டி.என்.ஏ. கெட்டுவிடும். ஒரு பொரிப்பகத்தின் தாய்மீன்களில் 30, 50 எடுத்துப் பார்த்தால் எவ்வளவு நெருங்கிய உறவு என்பதும் தெரியும். 1983இல் தொடங்கி இப்போது லக்னோவில் இயங்கும் தேசிய மீன் மரபு வளப் பணியகம் இந்த மாதிரி வேலைக்கென்றே இருக்கிறது. இந்தச் செலவு பொரிப்பகமோ மீன்வளத் துறையோ செய்ய வேண்டியது. 25 சென்ட்காரர் தலையில் அது ஏறக்கூடாது என்பது என் கருத்து.

நீங்களே குஞ்சு எடுப்பது வேண்டாம் ஐயா. உங்கள் குட்டையில் இருப்பதெல்லாம் ஒரே இடத்துக் குஞ்சு, அண்ணன் தங்கையாகவே இருக்கும். அதற்குப் பதில் விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஆண் எத்தனை, பெண் எத்தனை? வெளியிலிருந்து புதுத் தாய்மீன் கடைசியாக எப்போது சேர்த்தீர்கள்? ஒவ்வொரு இனத்தையும் தனித் தொட்டியில் விடுகிறீர்களா? பதில் சொல்லத் தயங்கினால் இடத்தை மாற்றுங்கள்.

"ஜெயந்தி ரோகு" என்று சொல்லி விற்றால் எங்கிருந்து தாய்மீன் வந்தது என்று கேளுங்கள். அது புவனேஸ்வரத்தில் உள்ள நன்னீர் மீன் வளர்ப்பு நிறுவனம் நார்வே நாட்டு உதவியோடு உருவாக்கிய ரகம். கங்கை, யமுனை, பிரம்மபுத்திரா என்று பல ஆற்று ரோகுவைச் சேர்த்து, குடும்பம் குடும்பமாக அடையாளமிட்டு வளர்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். தலைமுறைக்குச் சுமார் 17 சதவீதம் வளர்ச்சி கூடியது. சுதந்திரப் பொன்விழா ஆண்டான 1997இல் வெளியிட்டதால் அந்தப் பெயர். இன்று பெயர் எல்லார் வாயிலும் இருக்கிறது, மீன் எல்லார் தொட்டியிலும் இல்லை.

ஏரியில் விடும் யோசனையைக் கைவிடுங்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தில் எத்தனை குட்டை மீன் ஏரிகளுக்குப் போயிருக்குமோ, அது நம் கையில் இல்லை. கூடையில் கொண்டுபோய்க் கொட்டாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. ஏரியில் இருக்கும் கெளுத்தி, விரால், குறவை, நாட்டுக் கெண்டை எல்லாம் நம் வறட்சியையும் சேற்றையும் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிப் பழகியவை. நாம் கொட்டும் மீன் அவற்றின் தீனியில் பங்குக்கு வருவது ஒன்று, குட்டை நோயைச் சுமந்து வருவது இன்னொன்று. ஆப்பிரிக்கக் கெளுத்தி என்றால் வளர்ப்பதற்கே நாடு முழுவதும் தடை. மிஞ்சிய சிறு மீனைக் கருவாடாக்குங்கள், இல்லை கோழிக்குப் போடுங்கள்.

இப்போது, காசில்லாத டெஸ்ட் ஒன்று. ஆடியில் குஞ்சு விடும்போது பழைய இடத்து ரோகு 100, வேறு நல்ல இடத்து ரோகு 100 வாங்குங்கள். இரண்டும் ஒரே எடையில் இருக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பழையதற்கு இடது வயிற்றுத் துடுப்பையும் புதியதற்கு வலது வயிற்றுத் துடுப்பையும் அடியோடு கத்தரித்துவிடுங்கள். நுனியை மட்டும் வெட்டினால் மறுபடி வளர்ந்து குழப்பும். ஒரு இடத்து மீனுக்கு மட்டும் வெட்டிவிட்டு மற்ற இடத்து மீனை விட்டுவிட்டால் கணக்கு ஒருதலையாகிவிடும், அதனால் இரண்டு வகைக்கும் வெட்டு வேண்டும். மற்ற இனங்களையும் சேர்த்து மொத்தம் 1,000க்குள் நிறுத்துங்கள். ஒரே தண்ணீர், ஒரே தவிடும் கடலைப் புண்ணாக்கும். பொங்கல் கழித்து வலை போட்டு இரண்டு வகையிலும் 20, 20 எடுத்து நிறுங்கள். எடை ஒன்றாக இருந்தால் பொரிப்பகக்காரரைத் திட்டியதை வாபஸ் வாங்கிக்கொண்டு தீனியைக் கவனியுங்கள். புதியது தெளிவாக முந்தினால் அந்த எடைத் தாளை எடுத்துக்கொண்டு மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போங்கள். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.