கருப்பு வெள்ளையில் தெரு: கேட்டதும் சொன்னதும்

கருப்பு வெள்ளைத் தெருப் படங்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி, எந்த கேமரா வாங்கலாம் என்பதுதான். பரவாயில்லை, தொடங்கலாம்.

புதுமுகம்: அக்கா, கலரில் சுமாராக வந்த படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றினால் ஏதோ ஒரு கெத்து வந்துவிடுகிறது. இப்படிச் செய்வது தப்பா?

தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கெத்து ஒரு வாரம்கூடத் தாங்காது. கலரில் ஒரு படம் ஏன் விழுந்தது என்று முதலில் பாருங்கள். பின்னணியில் மஞ்சள் பலகை கண்ணைக் குத்தியதால் என்றால், நிறத்தை எடுப்பது நல்ல வைத்தியம். படத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்றால், கருப்பு வெள்ளையிலும் ஒன்றும் நடக்கப் போவதில்லை.

நேர்மாறான சிக்கலும் உண்டு. பச்சைச் சுவருக்கு முன்னால் சிவப்புச் சட்டை போட்டவர் நடக்கிறார். கலரில் பளிச்சென்று தெரிவார். நிறத்தை எடுத்ததும், இரண்டின் ஒளிர்வும் ஒன்றாக இருந்தால், இரண்டுமே ஒரே சாம்பலாகி ஆள் சுவரோடு கரைந்துவிடுவார். நம் கண் எல்லா நிறத்தையும் ஒரே வெளிச்சமாக எடுத்துக்கொள்வதில்லை. தொலைக்காட்சிக் காலத்திலிருந்து வரும் மாற்றுக் கணக்கு ஒன்று உண்டு: பச்சைக்கு 59 சதவீதம், சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11. அதனால்தான் அடர் நீலச் சட்டை கிட்டத்தட்ட கருப்பாகிறது, மஞ்சள் சட்டை வெளுக்கிறது. தெருவில் நிற்கும்போது 'சிவப்பு, பச்சை' என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எது இருட்டு, எது வெளிச்சம், இருட்டுக்கு முன்னால் வெளிச்சம் நிற்கிறதா என்று பாருங்கள். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் இது சீக்கிரம் பிடிபடும். கேமராவில் மோனோக்ரோம் முன்னோட்டத்தைப் போட்டு, கோப்பை ரா வடிவத்தில் (சென்ஸார் பதிந்ததை அப்படியே வைப்பது) சேமியுங்கள். திரையில் கருப்பு வெள்ளை தெரியும், கோப்பில் நிறம் அப்படியே இருக்கும்.

இன்னொன்று, இதை இன்று பலமுறை சொல்லப் போகிறேன்: டிஜிட்டலில் ஹைலைட்டை, அதாவது படத்தின் மிக வெளிச்சமான இடங்களைக் காப்பாற்றுங்கள். வெளுத்துப்போன வெள்ளையை யாராலும் மீட்க முடியாது.

பயணி: தெருப் படங்களுக்கு எந்த கேமரா நல்லது?

கையில் இருப்பது.

முப்பத்தைந்து: 35 மிமீ லென்ஸ் வைத்திருக்கிறேன். ஆட்டோஃபோகஸ் பிடிப்பதற்குள் ஆள் போய்விடுகிறார். ஸோன் ஃபோகஸ் என்கிறார்களே, உண்மையிலேயே உதவுமா?

உதவும். நான் விரும்பிப் பதில் சொல்லும் கேள்வி இது. முழுச்சட்ட கேமராவில் 35 மிமீ லென்ஸின் துவாரத்தை எஃப்8-இல் வைத்து (எண் கூடினால் துவாரம் சுருங்கும்), ஃபோகஸை 3 மீட்டரில் நிறுத்துங்கள். ஏறத்தாழ 1.9 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை எல்லாமே தெளிவாக விழும். எஃப்11-க்குப் போனால் 1.7-இலிருந்து 15 மீட்டர் வரை. அப்புறம் ஃபோகஸைத் தொடவே வேண்டாம். நீங்கள் பழக வேண்டியது தூரத்தை மட்டும். 2 மீட்டரில் நிற்கும் ஆள் ஃப்ரேமில் எவ்வளவு பெரிதாகத் தெரிவார், 3 மீட்டரில் எவ்வளவு என்பதை வீட்டுச் சுவரில் டேப் பிடித்து அளந்து மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஷட்டர் வேகத்தை 1/500 நொடிக்குக் கீழே இறக்காதீர்கள், ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வு அளவு) தானாக ஏற விடுங்கள். 3200-ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கலர் படத்தில் அசிங்கமாகத் தெரிவது பெரும்பாலும் நிறத் திட்டுகள்தான். நிறத்தை எடுத்ததும் அவை போய், மிஞ்சுவது பழைய ஃபிலிமின் பொடிபோல் இருக்கும். ஆடிப்போன முகத்தைவிடப் பொடி எவ்வளவோ மேல்.

ஃபிலிம் தாத்தா: வெயிலில் சிவப்பு ஃபில்டர் போட்டு எடுத்தால் வானம் கருப்பாக, நாடகத்தனமாக வருகிறது. தெருவிலும் போடலாமா அம்மா?

போடலாம் ஐயா, ஆனால் என்ன கொடுத்து என்ன வாங்குகிறோம் என்று பாருங்கள். சிவப்பு ஃபில்டர் மூன்று ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும் (ஒரு ஸ்டாப் போனால் வெளிச்சம் பாதியாகும்). நல்ல வெயிலில் 400 ஃபிலிம் எஃப்16, 1/500-இல் நிற்கும். அதே ஷட்டருக்கு எஃப்5.6 வரை திறக்க வேண்டிவரும். மேலே சொன்ன ஸோன் ஃபோகஸ் சுருங்கிப்போகும். அதோடு உதடு வெளுக்கும், முகம் மாவு பூசியதுபோல் ஆகும். தெருவில் நமக்கு வானம் எவ்வளவு தேவை? மஞ்சள் ஃபில்டர் போதும், ஒரு ஸ்டாப்தான் போகும்.

டிஜிட்டல்காரர்கள் இதே வேலையை மென்பொருளில் நீல ஸ்லைடரை இறக்கிச் செய்யலாம். அளவாக. ஒரேயடியாக இழுத்தால் கட்டட விளிம்புகளில் வெள்ளைக் கோடு முளைக்கும்.

ஃபிலிம் தாத்தா: ட்ரை-எக்ஸ் 400 ஃபிலிமை 1600 என்று வைத்து எடுத்து, டெவலப்பில் ஈடுகட்டினால் (புஷ் செய்தால்)?

இரண்டு ஸ்டாப், டெவலப் நேரம் கூடும். கான்ட்ராஸ்டும் கிரெயினும் (ஃபிலிமின் பொடி) ஏறும். நிழலில் பதியாத விவரம் மட்டும் எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் வராது. ஃபிலிமில் விதி தலைகீழ், நிழலுக்கு ஒளி கொடுங்கள். (டிஜிட்டல் ஆட்களே, இதைப் படித்துக் குழம்பாதீர்கள். உங்களுக்கு ஹைலைட்.)

பயணி: சரி அக்கா, கையில் கேமராவே இல்லை. இப்போது எது வாங்கலாம்?

போன் இருக்கிறதல்லவா? அதில் தொடங்குங்கள்.

பிக்ஸல்: கருப்பு வெள்ளை மட்டுமே எடுக்கும் கேமரா இருக்கிறதே, அதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

கேமரா கேள்விதான், ஆனாலும் சுவாரசியமானது. 2012-இல் லைக்கா என்ற கேமரா நிறுவனம் அப்படி ஒன்றை வெளியிட்டது. வழக்கமான சென்ஸாரின் மேல் சிவப்பு, பச்சை, நீலக் கட்டங்கள் இருக்கும். இதில் அவை இல்லாததால் ஒவ்வொரு பிக்ஸலுக்கும் முழு வெளிச்சம் கிடைக்கும். கூர்மையும் கூடும், இருட்டிலும் சமாளிக்கும். அதற்காக இழப்பது என்னவென்றால், பிறகு நிறத்தை வைத்து டோனை (சாம்பலின் அடர்த்தியை) மாற்ற வழியில்லை, தாத்தாவின் ஃபில்டர்களை நீங்களும் வாங்க வேண்டும். சாதாரண சென்ஸாரில் ஒரு நிறம் வெளுத்துப்போனாலும் மற்ற நிறங்களிலிருந்து கொஞ்சம் மீட்கலாம், இதில் அதுவும் கிடையாது. ஹைலைட்!

எதிர்க்கட்சி: ஹாங்காங் புகைப்படக்காரர் ஃபான் ஹோ 1954-இல் எடுத்த படம், பெரிய வெள்ளைச் சுவர், மூலைவிட்டமாக நிழல், கீழே ஒரு பெண். எல்லோரும் தெருப் படம் என்று கொண்டாடுகிறோம். அந்தப் பெண் அவருடைய உறவுக்காரர், அவர் சொல்லித்தான் நின்றார். நிழலோ பிரிண்ட் போடும் இருட்டறையில் சேர்த்தது. இதைத் தெருப் படம் என்பீர்களா?

மாட்டேன். அருமையான படம் என்பேன். இரண்டும் வேறு வேறு விஷயம்.

எதிர்க்கட்சி: அப்படியானால் பாதி வரலாற்றைத் தூக்கிப் போட வேண்டிவரும். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் துவானோவின் பாரிஸ் முத்தப் படமும் ஏற்பாடு செய்ததுதானே?

ஆமாம். 1950-இல் லைஃப் இதழுக்காக, நடிப்புப் பயின்றுகொண்டிருந்த ஜோடியை வைத்து எடுத்தார். 1990-களில் வழக்கு வந்தபோதுதான் அது ஊருக்குத் தெரிந்தது. படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை, ஆனாலும் பலருக்கு மனம் விட்டுப்போயிற்று. ஏன்? அந்தத் தெருவில் தானாக நடந்தது என்று நம்பித்தான் அவர்கள் அதைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். ஃபான் ஹோ விஷயத்தில் அந்த நம்பிக்கையை யாரும் விற்கவில்லை. தான் செய்ததை அவரே பேட்டிகளில் சொன்னார்.

பிக்ஸல்: பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே-ப்ரெஸ்ஸான் 1932-இல் எடுத்த குட்டை தாண்டும் மனிதர் படமும் வெட்டப்பட்டதுதான். வேலி இடுக்கு வழியாக எடுத்ததால் இடது பக்கம் மறைந்திருந்தது. வெட்டுவது சரி, சேர்ப்பது தப்பா?

வெட்டும்போது எஞ்சியிருப்பது அங்கே உண்மையில் இருந்தது. இல்லாத நிழலைப் போட்டால் அப்படிச் சொல்ல முடியாது. இருக்கும் நிழலை இன்னும் கருக்குவதை இருட்டறைக்காரர்கள் எப்போதும் செய்து வந்திருக்கிறார்கள். அதில் எனக்குச் சண்டையில்லை.

எதிர்க்கட்சி: வெட்டியே பொய் சொல்லலாம். அழுகிறவரை மட்டும் வைத்துக்கொண்டு, பக்கத்தில் சிரிப்பவரை வெட்டிவிட்டால்?

சரி, அது நல்ல அடி. வெட்டுவதற்கு நான் கொடுத்த சலுகையைக் கொஞ்சம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் படம் எடுக்கும்போதே ஃப்ரேம் என்பது ஒரு வெட்டுதான், சிரிப்பவரை அப்போதே விட்டிருக்கலாம். என் கோடு இதுதான்: அந்த இடத்தில் நின்றிருந்தவர் படத்தைப் பார்த்து 'இது நடக்கவே இல்லை' என்று சொல்லும்படி இருக்கக் கூடாது.

ஃபிலிம் தாத்தா: சிரித்தவர் பார்த்தால் சொல்லுவாரே?

சொல்லட்டும் ஐயா. அந்தப் படத்தை நானும் போடமாட்டேன்.

அவசரம்: நல்ல ப்ரீஸெட் (மென்பொருளில் ஒரே தட்டில் படத்தை மாற்றும் தயார் அமைப்பு) எது?

கிடையாது.

அவசரம்: தெருவில் தூங்குகிறவர்கள், பிச்சை கேட்கும் முதியவர்கள் படங்கள் கருப்பு வெள்ளையில் ரொம்ப அழுத்தமாக வருகின்றனவே?

வருகின்றன, அதுதான் என் பயம். மென்பொருளில் கிளாரிட்டி ஸ்லைடரை ஏற்றிச் சுருக்கங்களைச் செதுக்கினால் யாருடைய கஷ்டமும் கலையாகத் தெரியும். தூங்குகிறவரால் வேண்டாமென்று சொல்ல முடியாது. எடுக்காதீர்கள்.

பயணி: முன்பின் தெரியாதவர்களைப் படமெடுப்பது சட்டப்படி சரியா?

நாட்டுக்கு நாடு மாறும். எடுப்பதற்கு ஒரு சட்டம், வெளியிடுவதற்கு வேறு சட்டம் உள்ள இடங்களும் உண்டு. உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் கேளுங்கள். யாராவது அழிக்கச் சொன்னால், சட்டம் என்ன சொன்னாலும் நான் அழித்துவிடுவேன்.

புதுமுகம்: நிறைய எடுக்கிறேன், எதை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

புகைப்படக்காரர் ராபர்ட் ஃப்ராங்க் அமெரிக்காவைச் சுற்றி 27,000-க்கும் மேல் எடுத்து, புத்தகத்தில் வைத்தது 83. தெருப் படங்களுக்குப் பேர்போன கேரி வினோக்ராண்ட் எடுத்த ஃபிலிமை ஓராண்டுக்கு மேல் டெவலப் செய்யாமலே வைத்திருப்பார். எடுத்த நேரத்துச் சந்தோஷம் கண்ணை மறைக்கக் கூடாது என்பதற்காக. (அது கொஞ்சம் எல்லை மீறிப்போய், 1984-இல் இறந்தபோது டெவலப் ஆகாத சுருள்களே ஏறத்தாழ 2,500 கிடந்தன.) நீங்கள் ஒரு மாதம் பொறுத்தால் போதும் தம்பி. அப்போதும் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். முகங்கள் மறைந்து இருட்டும் வெளிச்சமும் மட்டும் மிஞ்சும். அப்படியும் கண் நிற்கிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

பயணி: போன் வேண்டாம் அக்கா, கேமராதான். 28 மிமீ லென்ஸோடு வாங்கவா, 35-ஓடு வாங்கவா?

35. முப்பத்தைந்துக்குச் சொன்ன பதிலைப் படித்துவிட்டு வெளியே கிளம்புங்கள்.

பிக்ஸல்: திரையில் அழகாக இருக்கும் படம் பிரிண்டில் நிழலெல்லாம் சேறாகிவிடுகிறது. ஏன்?

உங்கள் திரை வெளிச்சம் அதிகம். பாதிக்கு இறக்கி, அந்த நிலையில் படத்தைச் சரிசெய்து, சிறிய சோதனைப் பிரிண்ட் ஒன்று போடுங்கள். காகிதத்தின் கருப்பு ஒருபோதும் திரையின் கருப்பளவு ஆழமாக இருக்காது. அதனால் அடர் சாம்பல்களை ஒன்றிலிருந்து ஒன்று கொஞ்சம் பிரித்து மேலே தூக்குங்கள். பளபளப்பில்லாத காகிதம் என்றால் இன்னும் கொஞ்சம். வெள்ளைப் பக்கம் வெறும் காகிதமாகத் தெரிகிறதா? அதற்கான விடை மேலேயே மூன்று இடத்தில் இருக்கிறது.