இரவுக் காவலும் பகல் ஓவியமும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க ஓவியர் சார்லஸ் ரஸ்ஸல் பற்றிய உங்கள் குறிப்பில், "தானே கற்றுக்கொண்டவர்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஆசிரியர் இல்லாமல் ஓவியம், சிற்பம் இரண்டும் ஒருவருக்கு எப்படிக் கைவரும்? கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன்.

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த ஒரு வரி போதாதுதான். ரஸ்ஸல் 1864-இல் செயின்ட் லூயிஸில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். படிப்பில் மனம் செல்லவில்லை. 16 வயதில் அமெரிக்காவின் மேற்கிலுள்ள மொன்டானாவுக்குப் போய் ஆடு மேய்த்தார், அது சரிப்படவில்லை. அப்புறம் ஜேக் ஹூவர் என்ற வேட்டைக்காரரோடு சுமார் 2 ஆண்டுகள் மலையில் இருந்தார். வேட்டையாடிய விலங்கின் தோலை உரிக்கும்போது எலும்பும் தசையும் எப்படிப் பொருந்தியிருக்கின்றன என்று பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறார். இதைவிட நல்ல உடற்கூறு வகுப்பு எந்தக் கல்லூரியில் கிடைக்கும்?

பிறகு சுமார் 11 ஆண்டுகள் மாட்டு மந்தை வேலை. அதிலும் இரவுக் காவல். இரவில் மந்தையைக் காத்தால், பகலில் மற்றவர்கள் குதிரையை அடக்குவதையும் கயிறு வீசுவதையும் பார்த்து வரையலாம் அல்லவா!

அவர் பெயர் பரவியது ஒரு கடிதத்தால். 1886-87 குளிர்காலத்தில் மாடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. மந்தை எப்படி இருக்கிறது என்று முதலாளி கேட்டு எழுதினார். ரஸ்ஸல் அஞ்சலட்டை அளவில் வரைந்த படம் பதிலாகப் போனது. பனியில் எலும்பும் தோலுமாக ஒற்றை மாடு, சுற்றிலும் ஓநாய்கள். பனியைக் கரைக்கும் சினூக் என்ற வெப்பக்காற்றுக்குக் காத்திருக்கிறதாம் அந்த மாடு. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

சிற்பமும் விளையாட்டாக வந்ததுதான். சட்டைப்பையில் எப்போதும் மெழுகு இருக்கும். நண்பர்களோடு பேசிக்கொண்டே விரல்களால் ஒரு கரடியையோ குதிரையையோ செய்துவிடுவார். முதல் வெண்கல வார்ப்பு 1904-இல் நியூயார்க்கில் நடந்தது.

விற்பது மட்டும் அவருக்கு வரவில்லை. 1896-இல் மணந்த நான்சிதான் விலை பேசி, 1914-இல் லண்டன் கண்காட்சி வரை கொண்டுபோனார்.

1888-இல் சில மாதங்கள் கனடாவில் பிளட் என்ற பழங்குடியினரோடு பழகியவர் ரஸ்ஸல். அந்தப் பழக்கம் அவர் ஓவியத்திலும் தெரியும். மொன்டானாவின் தலைநகர் ஹெலீனாவில் உள்ள சட்டமன்றத்துக்காக 1912-இல் அவர் வரைந்த 25 அடி அகல ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயப் போன லூயிஸ், கிளார்க் என்ற இருவரின் பயணக்குழு பழங்குடியினரைச் சந்திக்கும் காட்சி. கண்ணில் முதலில் படுவது குதிரை மேல் பாய்ந்து வரும் அந்த மக்கள்தான். லூயிஸும் கிளார்க்கும் வலப்பக்கம் தள்ளி, சிறிதாக நிற்கிறார்கள்.