"சேர்ந்து இருங்க" என்றாலே வயிற்றைக் கலக்குகிறது

கேள்வி: வயது 31. கல்யாணமாகி நான்கு வருடம். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி) இருப்பதால் முட்டை வளர லெட்ரோசோல் மாத்திரை, அந்த வளர்ச்சியைப் பார்க்க ஃபாலிக்குலர் ஸ்கேன் என்று சில மாதங்களாக ஓடுகிறது. ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் "இன்னிக்கும் நாளைக்கும் சேர்ந்து இருங்க" என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. ஆசையே வருவதில்லை. கணவரிடம் சொன்னால் தப்பாக நினைப்பாரோ என்று பயம்.
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: பரீட்சை ஹாலுக்குள் நுழைவதுபோலப் படுக்கையறைக்குள் நுழைந்தால் யாருக்கும் ஆசை வராது. சிகிச்சையில் இருக்கும் பெண்கள் பலர் டாக்டரிடம்கூடச் சொல்லாமல் விழுங்கிவிடுகிற விஷயம் இது.

முதலில் அந்தத் தேதியின் பிடியைத் தளர்த்துவோம். வெளிவந்த கருமுட்டை 12 முதல் 24 மணி நேரம்தான் உயிரோடிருக்கும். விந்தணுவோ உள்ளே ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே வாய்ப்புள்ள நாட்கள், முட்டை வெடிக்கும் நாளையும் சேர்த்து ஆறு. உதாரணத்துக்கு, முட்டை வளரும் பை 18 மி.மீ. வந்து திங்கள் இரவு 9 மணிக்கு முட்டையை வெடிக்கவைக்கும் ஹெச்சிஜி ஊசி போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 36 மணி நேரம் கழித்து, புதன் காலை வாக்கில் முட்டை வெடிக்கும். ஞாயிறு இரவு சேர்ந்திருந்தாலும் அது கணக்கில் வரும். செவ்வாய் இரவு முடியாமல் போனதற்காக அந்த மாதமே போச்சு என்று அழ வேண்டியதில்லை. அந்த வாரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். அதுவும் கஷ்டமென்றால் இரண்டு முறை.

அடுத்து உடம்பு. வறட்சியால் வலித்தால், அடுத்த முறை மனசு முன்கூட்டியே பின்வாங்கும். முட்டை வளரச் சிலருக்குத் தருகிற குளோமிஃபின் மாத்திரையில் இந்த வறட்சி வரலாம். அதற்காக எச்சிலையோ கடையில் கிடைக்கிற சாதாரண ஜெல்லையோ தடவாதீர்கள், அவை விந்தணுவின் ஓட்டத்தைக் குறைக்கக்கூடும். விந்தணுவைப் பாதிக்காத ஜெல் தனியாக இருக்கிறது, டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் வலிக்கிறதென்றால் மறைக்காமல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஆசை குறைய வேறு காரணம் இருக்கிறதா என்று அறிய, தைராய்டு, புரோலாக்டின் என்ற ஹார்மோன், ஹீமோகுளோபின் மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. எஸ்சிடாலோப்ராம் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளும் ஆசையைக் குறைக்கும். சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்த வேண்டாம், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் பேசுங்கள்.

கணவரிடம் ஸ்கேன் நாளில் பேசாதீர்கள். சாதாரண நாளில், காபி குடிக்கும்போது, "உங்க மேல கோவமோ வெறுப்போ இல்லைங்க, அந்தத் தேதிய நெனச்சாத்தான் ஒடம்பே இறுகிப்போகுது" என்று சொல்லிப் பாருங்கள். பல கணவன்மார்களுக்கும் இதே இறுக்கம்தான். அவர்களும் வாய் திறப்பதில்லை.

பிறகு, கணக்கில் வராத நாட்களை உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் முடிந்த முதல் சில நாட்களில் வாரம் இரண்டு முறை, இருபது நிமிடம், தொடுதல் மட்டும். உறவு கிடையாது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நிபந்தனை இருந்தால்தான் உடம்பு தளரும். தொட்ட பிறகு வருகிற ஆசையும் ஆசைதான், முன்கூட்டியே பொங்கி வர வேண்டுமென்று எந்தச் சட்டமும் இல்லை.

இதெல்லாம் செய்தும் முடியவில்லையா? விந்தணுவை நேராகக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயூஐ பற்றிக் கேளுங்கள், அதற்கு உறவே தேவையில்லை. உங்கள் வயதில் ஒரு மாதம் ஓய்வெடுப்பதாலும் பெரிய நஷ்டமில்லை. 38 வயதுக்காரர் கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டோம்.

கேள்வி: மற்ற நாட்களில் பிரச்சினை இல்லை. மனைவிக்கு ஸ்கேன் பார்த்து நாள் குறிக்கிறபோது மட்டும் விறைப்பு வருவதில்லை. ஜிம் நண்பர் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொல்கிறார். போடலாமா?
- 35 வயது வாசகர், மதுரை

பதில்: வேண்டவே வேண்டாம். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால், விரைகளை வேலை வாங்குகிற ஹார்மோன்களை மூளை நிறுத்திவிடும். விந்தணு எண்ணிக்கை பூஜ்ஜியம்வரை போகலாம். ஊசியை நிறுத்தினாலும் திரும்பிவரப் பல மாதங்கள் ஆகும். குழந்தைக்காக முயல்கிறவர் செய்யக்கூடிய மிக மோசமான காரியம் இதுதான்.

காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறது என்றால் உங்களுடையது பெரும்பாலும் பதற்றம். சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு மருத்துவர் விறைப்புக்கு உதவும் சில்டெனாஃபில் மாத்திரை எழுதித் தரலாம். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தொடவே கூடாது. இன்னொரு வழி, நிம்மதியான ஒரு நாளில் விந்து கொடுத்து, சிகிச்சை மையத்தில் உறைய வைப்பது. "கையில் ஒன்று இருக்கிறது" என்ற தைரியத்திலேயே சிலருக்குப் பதற்றம் பாதி குறைந்துவிடும். அந்த நாளுக்கென்று பத்து நாள் சேர்த்து வைக்கவும் வேண்டாம். நாளாக ஆக விந்தணுவின் ஓட்டம்தான் மந்தமாகும்.

கேள்வி: முடிந்ததும் இடுப்புக்குக் கீழே தலையணை வைத்து அரை மணி நேரம் படுக்க வேண்டுமா? எழுந்தால் எல்லாம் வெளியே வந்துவிடுகிறதே!
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: தேவையில்லை. போக வேண்டிய விந்தணுக்கள் சில நிமிடங்களிலேயே கருப்பை வாயைத் தாண்டிவிடும். வழிந்து வருவது பெரும்பாலும் திரவம். எழுந்து பாத்ரூம் போகலாம், அப்படியே திரும்பிப் படுத்துத் தூங்கவும் செய்யலாம்.